விடுதியோட லட்சணம் பொடக்காளியில தெரியும்

போன ஞாயித்துக்கிழமை வாழைக்கு முட்டு குடுக்கிற வேலையைப் பாதியில விட்டுட்டு திருப்பூர் ராயபுரம் வரைக்கும் போயிட்டு வந்தேனுங்க. காலேஜ் பசங்களுக்கு நடுவுல ஊழியம் செய்யற ஒரு கிறிஸ்தவக் குழு கூப்பிட்டிருந்தாங்க. அவங்கள்ல ஒருத்தர் நம்ம தோட்டத்துல வாரா வாரம் தேங்காயும் கீரையும் வாங்கற பழக்கம். "அண்ணா, ஒரு மாணவர் விடுதி கட்டலாம்னு இருக்கோம். எல்லா மதத்துப் பிள்ளைகளும் தங்கற மாதிரி, இயற்கைக்குக் கெடுதல் இல்லாத மாதிரி. தண்ணி, மரம், மண்ணு விஷயத்துக்கு நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்"னு கேட்டாரு. நமக்கு வேதமும் தெரியாது, கட்டடமும் தெரியாது. தண்ணி இல்லாம தவிக்கிறது மட்டும் நல்லாத் தெரியும். அந்தத் தகுதியில போனேன்.

கீழ பனியன் செக்கிங் நடக்கிற ஒரு கட்டடத்தோட மாடி. ஞாயித்துக்கிழமைங்கறதால மிஷின் சத்தம் இல்ல. மேஜை மேல பெரிய பிளான் காகிதம் விரிச்சு வச்சிருந்தாங்க. ஊருக்கு வெளிய ஒண்ணேகால் ஏக்கர் மேட்டாங்காடு. 60 பிள்ளைகள். மேல சோலார் பலகை. முன்னால வட்டமா ஒரு பிரார்த்தனை மண்டபம், அதைச் சுத்தி பூச்செடி. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: "இதுல பொடக்காளி எங்கீங்க?"

டவுன்ல இருக்கிற உங்களுக்காகச் சொல்றேன். எங்க கொங்குப் பக்கம் வீட்டுக்குப் பின்னால தண்ணி புழங்கற இடத்தைப் பொடக்காளின்னு சொல்லுவோம். குளிக்கிறது, பாத்திரம் கழுவறது, துணி துவைக்கிறது எல்லாம் அங்கதான். விருந்தாளி பார்க்கிறது முன்திண்ணை. வீட்டோட உண்மை தெரியறது பொடக்காளியில.

பிளான்ல சமையக்கட்டும் கக்கூசும் ஒரு மூலையில சின்னச் சின்னக் கட்டமா இருந்துச்சு. "அதெல்லாம் இன்ஜினியர் பார்த்துக்குவாருங்க"ன்னாங்க. அங்கதான் எனக்கும் அவங்களுக்கும் பேச்சு ஆரம்பிச்சுது. அன்னைக்கு நான் அரைகுறையாச் சொன்னதை இங்க கொஞ்சம் முழுசா எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லணும். இந்த விடுதி தேவைதான். திருப்பூர்ல லைன் வீடு பார்த்திருப்பீங்க. ஒரே ரூம்ல அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்க, ஒரு கேஸ் அடுப்பு. அப்பாவுக்கு நைட் ஷிப்ட்னா பகல்ல அவர் தூங்கணும், பிள்ளை விளக்குப் போட்டுப் படிக்க முடியாது. தாராபுரம், குண்டடம் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து படிச்சிட்டு ராத்திரி வீடு சேர்ற பிள்ளைகள் இன்னொரு பக்கம். ஒடிசா, பீகார்ல இருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவங்களோட பிள்ளைகளும் இப்ப காலேஜ் வாசலுக்கு வந்தாச்சு. இவங்க எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ படிக்கணும்னு யாரு நினைச்சாலும் நல்ல மனசுதான். அதனாலதான் அக்கறையோட சண்டை போடறேன்.

தண்ணியில இருந்து தொடங்கறேன். "மழைநீர்த் தொட்டி கட்டிட்டா தண்ணிப் பிரச்சினை இல்லை"ன்னு ஒருத்தர் சொன்னாரு. பேனா வாங்கிக் கணக்குப் போட்டேன். கூரை 4,000 சதுர அடின்னா சுமாரா 370 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர். நம்ம பக்கம் வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் மழைன்னு வச்சுக்கிட்டா 2 லட்சத்து 22 ஆயிரம் லிட்டர். சிந்தினது, சிதறினது போக எண்பது சதவீதம் தொட்டிக்கு வந்தா 1 லட்சத்து 78 ஆயிரம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு அரசாங்கக் கணக்கு. 60 பேருக்கு 8,100 லிட்டர். அப்ப ஒரு வருசத்து மழை முழுசும் எத்தனை நாளைக்கு வரும்? 22 நாள். மீதி நாளெல்லாம் லாரித் தண்ணிதான். அந்த லாரி எங்கிருந்து வருதுன்னா, எங்களை மாதிரி ஒரு விவசாயியோட கிணத்துல இருந்தோ போர்ல இருந்தோதான் வருது.

மழைநீர் சேமிப்பு வேண்டாம்னு சொல்லலீங்க. 2003-லயே தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம் ஆயிருச்சு. ஆனா அதை வச்சு மட்டும் பசுமைக் கட்டடம்னு பேர் வாங்கக்கூடாது. அதே 135 லிட்டர்ல 45 லிட்டர் கக்கூஸ் தொட்டியில ஊத்தறதுக்குப் போகுது. 60 பேருக்கு நாளைக்கு 2,700 லிட்டர். குளிச்ச தண்ணியை மணல், ஜல்லி, கல்வாழைப் பாத்தி வழியா விட்டு, தெளிஞ்சதும் அதையே கக்கூசுக்குத் திருப்பி விட்டா, வருசத்துல 300 நாளைக்கு 8 லட்சத்து 10 ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணி மிச்சம். கூரைத் தண்ணியை விட நாலு மடங்குக்கு மேல. இதுக்குத் தனிக் குழாய் வேணும். செவுரு எழுப்பும்போதே போட்டாத்தான் உண்டு. அப்புறமா யாரும் செவுத்தை உடைச்சுப் போடமாட்டாங்க. அதனாலதான் பொடக்காளியை முதல்ல வரையுங்கன்னு சொன்னேன்.

திருப்பூர்க்காரங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலையில பொறந்து வர்ற நொய்யலை என்ன பண்ணினோம்னு நமக்கே தெரியும். பாசனத்துக்குன்னு கட்டி 1992-ல முடிச்ச ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணி தேங்கற தொட்டியாப் போச்சு. அணை வந்தா வெள்ளாமை செழிக்கும்னு நம்பின விவசாயியே "இந்தத் தண்ணியைத் திறந்து விடாதீங்க"ன்னு கோர்ட்டுக்குப் போக வேண்டியதாச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுக்கு அப்புறம்தான், கழிவை ஒரு சொட்டும் வெளிய விடக்கூடாதுங்கிற பேச்சு இங்க நிஜமாச்சு. அந்த நாள்ல வேலை போய் ஊருக்குத் திரும்பின தொழிலாளிங்க கஷ்டமும் கண்ணால பார்த்ததுதான். துணி வெளுத்து, வண்ணமாகி, கப்பல் ஏறிப் போச்சு. அழுக்கு கீழ இருக்கிறவன் கிணத்துக்கு வந்துச்சு. நம்ம அழுக்கு எங்க போகுதுன்னு கேட்காததோட பலன் அது.

கக்கூஸ் தொட்டிக்கும் இதே கேள்விதான். அது நிரம்பினா யார் இறங்குவா? மனுசன் இறங்கிச் சுத்தம் பண்றதுக்கு 2013-லயே சட்டம் போட்டுத் தடை பண்ணியாச்சு. ஆனாலும் தொட்டியில இறங்கி மூச்சு முட்டிச் செத்த செய்தி நம்ம பக்கத்துப் பேப்பர்ல வராம இல்ல. செத்தவங்க எந்தத் தெருன்னு நான் சொல்லணுமா? அதனால மிஷின் குழாய் விட்டு உறிஞ்சற மாதிரி மூடி எங்க வைக்கணும், வண்டி உள்ள வர வழி எங்க விடணும்னு பிளான்லயே இருக்கணும். ஆள் இறங்கித்தான் ஆகணும்ங்கிற தொட்டியைக் கட்டிட்டு, மேல எத்தனை சோலார் வச்சாலும் அது பசுமைக் கட்டடம் இல்லீங்க.

கட்டடத்தைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. கேரளத்துல வாழ்ந்த லாரி பேக்கர் பேரை அந்தக் குழுவுல இருந்த ஒரு தம்பியே சொன்னாரு. அவர் பரப்பின எலிப்பொறிக் கட்டுல செங்கல்லை நிமிர்த்தி வச்சு நடுவுல வெற்றிடம் விடுவாங்க. நாலுல ஒரு பங்கு செங்கல் மிச்சம், உள்ளயும் சூடு குறைவு. செங்கல் மிச்சம்ங்கறது சின்ன விஷயமில்ல. கோயமுத்தூர் தடாகம் பள்ளத்தாக்குல செம்மண்ணைத் தோண்டித் தோண்டி மலையடிவாரமே குழியாகி, 2021-ல சூளைகளை மூட வேண்டி வந்துச்சு. நீளச் செவுரு வடக்கும் தெற்கும் பார்த்து, மேற்குச் செவுரு குட்டையா இருந்தா சாயங்கால வெயில் குறையும். மேற்கால வேம்பும் புங்கனும் வையுங்க. வைகாசி பாதியில இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து நமக்குச் சும்மா கிடைக்கிற வரம். அதை மறைச்சு ஏசி மாட்டாதீங்க. சமையக்கட்டு மிச்சத்துக்கு ஒரு சாண எரிவாயுக் கலன் மாதிரி வச்சா, நாளைக்குப் பதினஞ்சு கிலோ மிச்சத்துல மூணு வாரத்துக்கு ஒரு கேஸ் சிலிண்டர் அளவுக்கு மிச்சமாகும். அதுல வர்ற கரைசல் என் தோட்டத்துக்கே வேணும். எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்.

இதுவரைக்கும் எல்லாரும் தலையாட்டினாங்க. அடுத்ததாச் சாப்பாடு வந்துச்சு.

பிளான்ல ரெண்டு சாப்பாட்டு ஹால் இருந்துச்சு. ஒண்ணு சைவம், ஒண்ணு அசைவம். ஒரு பெரியவர் சொன்னாரு: "அப்படி வச்சுட்டா எந்தப் பிரச்சினையும் வராதுங்க. பெத்தவங்களும் தைரியமா அனுப்புவாங்க." கெட்ட எண்ணத்துல சொல்லல. நடைமுறை தெரிஞ்சவர். ஆனா எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ இடிச்சுது. அங்க சொல்ல வாய் வரல, இங்க சொல்றேன்.

எங்க வீட்டுப் பொடக்காளிச் செவுத்துல ஒரு மாடம் உண்டு. அதுல ஒரு அலுமினிய டம்ளர் கவுத்து வச்சிருக்கும். தோட்டத்து வேலைக்கு வர்றவங்களுக்கு அதுலதான் தண்ணி, காப்பி. குடிச்சுட்டு அவங்களே கழுவி வச்சுட்டுப் போவாங்க. நான் பொறந்ததுல இருந்து அந்த டம்ளர் அங்க இருந்துச்சு. அதைப் பத்தி நான் யோசிச்சதே இல்ல. செவுத்துல இருக்கிற ஆணி மாதிரி அதுவும் ஒண்ணு.

என் பையன் காலேஜ் விடுதியில இருந்தப்ப ஒரு பொங்கலுக்கு ரூம்மேட்டைக் கூட்டிட்டு வந்தான். நல்ல பையன். வந்ததும் மாட்டுக்குத் தண்ணி காட்டினான், என்கூட வரப்புல நடந்தான். எங்கம்மா அப்ப உயிரோட இருந்தாங்க. "எந்த ஊரு கண்ணு, அப்பாரு என்ன பண்றாரு"ன்னு சுத்தி வளைச்சுக் கேட்டு, விவரம் தெரிஞ்சுக்கிட்டாங்க. சாப்பிட்டு முடிச்சு அந்தப் பையன் பொடக்காளிக்குக் கை கழுவப் போய், "பாட்டி, குடிக்கத் தண்ணி"ன்னு கேட்டான். அம்மா அந்த மாடத்தைக் கை காட்டினாங்க.

என் பையன் ஒண்ணும் பேசல. நேரா போய் அந்த டம்ளரை எடுத்து, தொட்டியில தண்ணி மோந்து, முதல்ல அவன் குடிச்சான். அப்புறம் கூட்டாளிக்குக் குடுத்தான். நான் திண்ணைக்கும் பொடக்காளிக்கும் நடுவுல நின்னுட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லல. அடுத்த நாள் அந்த டம்ளர் மாடத்துல இல்ல. அம்மாவே எடுத்துட்டாங்களா, பையன் எடுத்தானான்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேட்கலை.

அவனுக்கு அதை நான் கத்துக்குடுக்கல. பள்ளிக்கூடப் புஸ்தகமும் கத்துக்குடுத்த மாதிரி தெரியல. மூணு வருசம் ஒரே மேஜையில பக்கத்துல உட்கார்ந்து, ஒரே ரசத்தைத் திட்டிக்கிட்டுச் சாப்பிட்டது கத்துக்குடுத்துச்சு. அதனாலதான் ரெண்டு ஹால்னதும் எனக்கு இடிச்சுது.

நூறு வருசத்துக்கு முன்னால இதே தமிழ்நாட்டுல இதே விஷயத்துல ஒரு பெரிய முயற்சி உடைஞ்சு போயிருக்கு. வ.வே.சு. ஐயர் 1922-ல திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில குருகுலம் ஆரம்பிச்சாரு. தேசபக்திப் பள்ளிக்கூடம். காங்கிரஸ் கமிட்டி பணம் கொடுத்துச்சு, ஊர் ஊரா நன்கொடை வந்துச்சு. அங்க பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தின்னு தெரிய வந்ததும் தமிழ்நாடே ரெண்டாச்சு. வரதராஜுலு நாயுடுவும் நம்ம ஈரோட்டுப் பெரியாரும் எதிர்த்து நின்னாங்க. ரெண்டே ரெண்டு பையன்களோட பெத்தவங்க மனசு நோகக்கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடுன்னுதான் அப்பவும் சமாதானம் சொன்னாங்க. அந்த வாக்குவாதம் தீரறதுக்குள்ள, 1925 ஜூன்ல ஐயர் பாபநாசம் அருவியில மகளைக் காப்பாத்தப் போய் இறந்துட்டாரு. அதே வருசக் கடைசியில காஞ்சிபுரம் மாநாட்டோட பெரியார் காங்கிரசை விட்டு வெளிய வந்தாரு. குருகுலத்துல சொல்லிக்கொடுத்த பாடம் என்னன்னு இன்னைக்கு யாருக்கும் ஞாபகமில்ல. பந்தி மட்டும் ஞாபகமிருக்கு.

சரியா நடந்த இடமும் ஒண்ணு உண்டு. தென்னாப்பிரிக்காவுல ஜோகன்னஸ்பர்க்ல இருந்து 21 மைல்ல, 1910-ல கல்லன்பாக்ங்கிற ஜெர்மன் யூதர் தன்னோட 1,100 ஏக்கர் பண்ணையைக் காந்தி கையில குடுத்தாரு. டால்ஸ்டாய் பண்ணைன்னு பேர். சத்தியாகிரகத்துல ஜெயிலுக்குப் போனவங்களோட குடும்பங்களும் பிள்ளைகளும் அங்க தங்கினாங்க. தமிழர், தெலுங்கர், குஜராத்தி, வடநாட்டுக்காரங்க. இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர். பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளிக்கூடம், தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தியே தமிழ் சொல்லிக்கொடுத்திருக்காரு. கறி விஷயம் அங்கயும் வந்துச்சு. காந்தி பரம சைவம். ஆனாலும் முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் மாட்டுக்கறியே கேட்டாலும் குடுத்துத்தான் ஆகணும்னு முதல்லயே மனசுல முடிவு பண்ணிக்கிட்டாரு. அப்புறம்தான் அவங்ககிட்ட, ஒரே சமையல்கட்டா நடத்தலாமா, செலவும் குறையும்னு கேட்டாரு. அவங்களா சம்மதிச்சாங்க. ரம்ஜான் வந்தப்ப முஸ்லிம் பிள்ளைகளோட சேர்ந்து மத்தப் பிள்ளைகளும் நோன்பு இருந்திருக்காங்க.

அங்க வேலைக்காரங்க கிடையாது. சமையல்ல இருந்து கக்கூஸ் சுத்தம் வரைக்கும் தங்கியிருக்கிறவங்களே செய்யணும். ஊத்துத் தண்ணியைத் தூரத்துல இருந்து காவடி கட்டித் தோள்ல சுமந்து வந்தாங்க. கழிவை எல்லாம் குழியில மூடி உரமாக்கினாங்க. மரங்களுக்குப் பாய்ச்சின தண்ணியும் புழங்கின தண்ணிதான். இயற்கைக்கு ஒத்த வாழ்க்கை, எல்லா மதமும் ஒண்ணா இருக்கிறதுன்னு நாம ரெண்டு தலைப்பாப் பேசறோம். அங்க அது ஒரே வேலையா இருந்துச்சு. தன் அழுக்கைத் தானே எடுக்கிறவனுக்குப் பக்கத்துல உட்கார்றவன் அழுக்காத் தெரியமாட்டான்.

இந்தப் பாரம்பரியம் திருப்பூருக்கு அந்நியமும் இல்லீங்க. தி.சு. அவினாசிலிங்கம் பொறந்த ஊரு திருப்பூர்தான். அவர் 1930-ல கோயமுத்தூர்ல ராமகிருஷ்ண வித்யாலயம் ஆரம்பிச்சப்ப ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கிட்டாரு. அதுக்காகச் சொந்தக்காரங்களோட கோபத்தையும் வாங்கிக் கட்டிக்கிட்டாரு. சென்னைப் பக்கம் தாம்பரத்துல கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல குடியேறினப்ப, வெறும் முள்ளுக்காடு. எட்வர்டு பார்ன்ஸ்ங்கிற வேதியியல் பேராசிரியரும் அவர் மனைவி ஆலிஸும் வருசக்கணக்கா மரம் வச்சுப் பார்த்துக்கிட்டதாலதான் இன்னைக்கு அங்க காடு நிக்குது. பல மதத்துப் பிள்ளைகளும் அங்க விடுதியில தங்கிப் படிச்சிருக்காங்க. மரம் நட்டுப் போட்டோ எடுக்கிறது ஒரு நாள் வேலை. தண்ணி ஊத்த வருசக்கணக்கா ஆள் வேணும்.

அதே சமயம் நம்ம லட்சணத்தையும் மறைக்க வேண்டாம். 2018-ல இதே மாவட்டம் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில, சமைக்கிற அம்மா பட்டியல் சாதிங்கறதுக்காகவே அவங்க சமைக்கக்கூடாதுன்னு சில பெத்தவங்க போய்த் தடுத்தாங்க. அவங்களை மாத்தல் பண்ணி, எதிர்ப்பு வந்ததும் அந்த உத்தரவை ரத்து பண்ணினாங்க. நூறு வருசம் முன்னாடி சேரன்மாதேவின்னு தள்ளி வைக்க முடியாதுங்க. பஸ் ஏறினா ஒரு மணி நேரம்.

அந்தப் பெரியவர் சொன்ன பயத்தையும் நான் தூக்கிப் போடலை. "எல்லாரையும் ஒண்ணா விட்டா, நாளைக்குப் பிள்ளைங்க மனசு மாறிட்டா?" இதுதான் நம்ம பக்கத்துப் பெத்தவங்க வாய்விட்டுச் சொல்லாத பயம். 2016-ல உடுமலைப்பேட்டையில சங்கர்ங்கிற இன்ஜினியரிங் மாணவரைப் பட்டப்பகல்ல, சாதி மாறிக் கல்யாணம் பண்ணினதுக்காக வெட்டிப் போட்டாங்க. ரோட்டுல எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க. அந்தப் பயத்துக்குப் பணிஞ்சு ஹாலைப் பிரிச்சோம்னா, வெட்டினவன் பக்கம்தான் ஒரு செங்கல் எடுத்து வைக்கிறோம்.

சைவக்காரப் பிள்ளைக்குக் கறி வாசம் ஆகாது. அது நிஜம். முஸ்லிம் பிள்ளைக்கு ஹலால் இல்லாம இறங்காது. அதுவும் நிஜம். ரெண்டையும் மதிக்க வழி இருக்குங்க. அடுப்பு ரெண்டு, பாத்திரம் ரெண்டு, கரண்டி ரெண்டு. பரிமாறும் இடமும் ரெண்டு இருக்கட்டும். கோழி ஹலால் கடையில வாங்கட்டும். என்ன சமைக்கணும்னு பிள்ளைகளே கமிட்டி வச்சுப் பேசட்டும், டால்ஸ்டாய் பண்ணை மாதிரி ஒத்துக்கிட்டு வரட்டும், மேல இருந்து உத்தரவு வேண்டாம். ஆனா உட்கார்ற ஹால் ஒண்ணு, பெஞ்சு ஒண்ணு, தண்ணிக் குடம் ஒண்ணு. சமைக்கிறவங்களை வேலைக்கு எடுக்கும்போது சாதி கேட்கக்கூடாதுன்னு முதல் விதியா எழுதுங்க. வாரத்துல ஒரு நாள் பாத்திரம் கழுவறதும் கக்கூஸ் கழுவறதும் எல்லாப் பிள்ளைக்கும் முறை வச்சு வரட்டும். ரூமைக் குலுக்கல்ல குடுங்க.

பிரார்த்தனை மண்டபத்தைப் பத்தியும் கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். வட்டமான மண்டபத்துல எல்லா மதச் சின்னத்தையும் வரிசையா மாட்டறது சுலபம். ரம்ஜான் மாசம் விடியக்காலம் நாலு மணிக்கு முன்னால அடுப்புப் பத்த வைக்க ஆள் போடறதுதான் கஷ்டம். மாலை போட்ட பையன் பச்சைத்தண்ணியில குளிக்க வரும்போது பைப்புல தண்ணி வரணும். தவக்காலத்துல கறி விட்ட பையனுக்கும் அன்னைக்கு ஒரு நல்ல குழம்பு வேணும். சாமி இல்லைங்கிற பையன் ஒருத்தன் வருவான், அவனும் யாருக்கும் பதில் சொல்லாம நிம்மதியாப் படிக்கணும். ஒரு வெறும் ரூம், பாய், செருப்பு விட ஒரு இடம் போதும்.

கடைசியா ஒண்ணைத் தயக்கத்தோட சொன்னேன். "நீங்க ஊழியக்காரங்க. உங்க நம்பிக்கையை நீங்க மறைக்க வேண்டியதில்லைங்க. ஆனா இங்க சோறு சாப்பிடறதுக்கும் உங்க கூட்டத்துக்கு வர்றதுக்கும் சம்பந்தமில்லைன்னு எழுத்துல போட்டு, வாசல்லயே மாட்டுங்க. ஃபீஸ் கட்ட முடியாத பையன் முகத்தைப் பார்த்து யாரும் சாமி பேசக்கூடாது." கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் அந்தக் குழுவோட தலைவர், என் பையன் வயசுதான் இருக்கும், சொன்னாரு: "சரிதாங்க அண்ணா. அதை நாங்கதான் முதல்ல எழுதணும். எங்களுக்குப் பணம் குடுக்கிறவங்கள்ல சிலபேருக்குப் பிடிக்காமப் போகலாம். இருந்தாலும் எழுதறோம்." அந்தப் பேச்சுல எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

அரசாங்கமே 2025 ஜூலையில, சாதிப் பேர்லயும் வகுப்புப் பேர்லயும் இருந்த மாணவர் விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதின்னு பேர் மாத்தினாங்க. நல்லது. பேர் வாசப்படியில மாறுது. அது அடுப்படி தாண்டிப் பொடக்காளி வரைக்கும் போய்ச் சேரணும். அதை எந்த அரசாணையும் செய்யாது. உள்ள இருக்கிறவங்கதான் செய்யணும்.

கிளம்பும்போது அந்தப் பெரியவர் பிளானை மடிச்சுக்கிட்டே, "ஹால் விஷயம் இன்னொரு தடவை பேசுவோமுங்க"ன்னாரு. முடிவு ஆகலை. நான் என் பங்குக்கு ஒண்ணு சொல்லிட்டு வந்தேன். விடுதி திறந்தா முதல் ஒரு வருசத்துக்கு வாரம் ரெண்டு நாள் கீரையும் வாழைக்காயும் என் தோட்டத்துல இருந்து காசில்லாம வரும். ஹால் ஒண்ணா இருந்தா மட்டும்.

வீட்டுக்கு வந்து பொடக்காளியில கால் கழுவினேன். அந்த மாடம் இப்பவும் செவுத்துல இருக்கு. சோப்பு டப்பா வச்சிருக்கோம். பையனுக்குப் போன் போட்டு, அன்னைக்கு அந்த டம்ளரை எடுத்தது யாருன்னு கேட்கலாமான்னு நினைச்சேன். அப்புறம், அதைக் கேட்கிறதுக்கு முன்னால அவன் கூட்டாளிக்குத்தான் நான் போன் பண்ணணும்னு தோணுச்சு. நம்பர் வாங்கியிருக்கேன். இந்தப் பொங்கலுக்குக் கூப்பிடணும்.